கலாமின் கதையோடு கிழக்குக் கரையில்: பயண நாட்குறிப்பு

ஒக்டோபர் 13, திங்கள் – மட்டக்களப்பு

கொழும்பிலிருந்து புறப்பட்ட இரவு ரயில், ஹபரணையைத் தாண்டிய காட்டுப்பகுதியில் யானைக் கூட்டமொன்று தண்டவாளத்தருகே நின்றதால் நெடுநேரம் நகராமல் கிடந்தது. விடியும் வேளையில் வந்திருக்கவேண்டிய மட்டக்களப்புக்குக் காலை பத்து மணிக்குப் பிறகே வந்து சேர்ந்தோம். பெட்டிக்குள் புழுக்கம் தாங்க முடியவில்லை. எதிர் இருக்கையில் இருந்த ஏறாவூர்ப் பெண்மணி, பேரனுக்காகக் கட்டிவந்த இடியப்பப் பொதியைப் பிரித்து, நான் கேட்காமலே பாதியை ஓர் இலைத்துண்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். "பசியோட இருக்கப்படாது மகன், எடுங்க" என்று அவர் சொன்ன தொனியில் மறுப்பதற்கு இடமே இருக்கவில்லை. மாசிச் சம்பலின் உறைப்பு வாயில் நிற்க, வெலிக்கந்தைக்கும் புணாணைக்கும் இடையில் வெளுத்துக்கொண்டிருந்த வானத்தைப் பார்த்தபடி வந்தேன்.

கல்முனைப் பக்கத்துப் பாடசாலையொன்றில் பௌதிகவியல் கற்பிக்கும் நண்பர்தான் என்னை அழைத்திருந்தார். ஒக்டோபர் 15ஆம் திகதி அப்துல் கலாமின் பிறந்தநாள். அன்று உயர்தர மாணவர்களோடு அவரைப் பற்றி ஒரு மணிநேரம் பேசவேண்டும் என்பது அவருடைய வேண்டுகோள். அதனுடன் ஒரு நிபந்தனையும் இருந்தது. "கனவு காணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகவேண்டாம். அதை எங்கள் பிள்ளைகள் சுவரொட்டியிலேயே படித்துவிட்டார்கள். அந்த மனிதருக்கு அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்தது, அது ஒரு நாட்டுக்கே எப்படிப் பரவியது, அதைச் சொல்லுங்கள்" என்றார். 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, படித்தவரும் படிக்காதவரும் கடவுச்சீட்டு வரிசையில் நின்ற காலத்தைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கு முன்னால் நம்பிக்கையைப் பற்றிப் பேசுவதற்கு நல்ல தயாரிப்பு வேண்டும் என்று எண்ணியே இரண்டு நாள் முன்னதாகப் புறப்பட்டிருந்தேன்.

நகரத்தில் தீபாவளிக்கு உடுப்பு எடுக்க வந்த கூட்டம் கடைவாசல்களை அடைத்து நின்றது. நிலையத்திலிருந்து கல்லடிக்குப் போக முச்சக்கரவண்டிக்காரர் 400 ரூபாய் கேட்டார். நான் 500 ரூபாய்த் தாளை நீட்டியபோது, மீதிக்காக மூன்று கடைகளில் ஏறி இறங்கி, நூறு ரூபாயைக் கொண்டுவந்து கையில் வைத்த பிறகே போனார். தங்கிய வீட்டில் மத்தியானத்துக்கு வாவி இறால் குழம்பும் முருங்கையிலைச் சுண்டலும் கிடைத்தன. கூடவே மண்சட்டியில் எருமைத் தயிர். சட்டியைச் சாய்த்தாலும் வழியாத அந்தத் தயிரின் மேல் கித்துள் பாணியை ஊற்றிச் சாப்பிட்டதில் பயணக் களைப்பு பாதி இறங்கிவிட்டது.

மாலையில் கல்லடிக் கடற்கரைக்கு நடந்தேன். இது வங்காள விரிகுடா. 2004 டிசம்பர் 26ஆம் திகதி இந்தக் கரையை விழுங்கிய கடல் இதுதான். இதே கடலின் மேற்குக் கரையில் இருக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979 ஓகஸ்ட் 10ஆம் திகதி காலையில் எழும்பிய எஸ்.எல்.வி-3 ஏவுகலம், முதற்கட்டம் ஒழுங்காக எரிந்து முடிந்தும், இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதி கெட்டுப்போனதால் நிலைதடுமாறி இந்த விரிகுடாவில் வீழ்ந்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் கலாம். ஆண்டுக்கணக்கான உழைப்பும் பொதுமக்களின் பணமும் சில நிமிடங்களில் நீருக்குள் போயின. அன்று பத்திரிகையாளர்களின் முன் போய் அமர்ந்தவர் கலாம் அல்லர். இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராக இருந்த சதீஷ் தவான் தாமே அவர்களைச் சந்தித்து, பொறுப்பைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூலை 18ஆம் திகதி அதே வகை ஏவுகலம் ரோகிணி செய்மதியைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியபோது, பத்திரிகையாளர்களைச் சந்திக்கும்படி கலாமை அனுப்பிவிட்டுத் தவான் ஒதுங்கிக்கொண்டார். இதைக் கலாம் வாழ்நாள் முழுவதும், ஜனாதிபதியாக இருந்தபோதும் அதன் பிறகும், மேடை மேடையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். தம் வெற்றிக் கதையைச் சொல்லக் கிடைத்த இடங்களிலெல்லாம் தமக்காகப் பழியேற்ற ஒருவரின் கதையை அவர் ஏன் சொன்னார் என்பதைப் பற்றித்தான், இருட்டும்வரை அந்த மணலில் இருந்து யோசித்தேன்.

ஒக்டோபர் 14, செவ்வாய் – காத்தான்குடி

காலையில் வெயில் ஏறுவதற்குள் காத்தான்குடிக்குப் போய்விட்டேன். மட்டக்களப்பு நகரத்திலிருந்து தெற்கே சில கிலோமீற்றர்தான். பிரதான வீதியின் நடுவே வரிசையாக நிற்கும் பேரீச்ச மரங்களும் இருமருங்கும் நெருக்கியடித்த துணிக்கடைகளும் சேர்ந்து அந்த ஊரை எங்கிருந்து பார்த்தாலும் அடையாளம் காட்டிவிடுகின்றன. தேநீர்க்கடையொன்றில் பால் தேத்தண்ணி 100 ரூபாய், பருப்பு வடை 50 ரூபாய். மேசையில் பக்கத்தில் இருந்த முதியவரைக் கடைப்பையன் "அப்பா" என்று அழைத்தான். அவர் அவனுடைய தாத்தா என்பது பிறகு புரிந்தது. நான் வந்த காரியத்தைக் கேட்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "ராமேஸ்வரத்து மரைக்காயர்ட மகன். படகு கட்டின வாப்பாக்குப் பொறந்த புள்ள" என்று, சொந்த உறவினர் ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

அவர் சொன்னது சரிதான். 1931இல் இராமேஸ்வரத்தில் பள்ளிவாசல் தெருவில் பிறந்த கலாமின் தந்தை ஜைனுலாப்தீன், தனுஷ்கோடிக்கு யாத்திரிகர்களை ஏற்றிச்செல்லப் படகு கட்டியவர். சிறுவன் கலாம் அந்தப் படகு பலகை பலகையாக உருவாவதைப் பார்த்து வளர்ந்தான். பிறகு ஒரு புயல் அதை அடித்துக்கொண்டுபோனது. இராமநாதசுவாமி கோயிலின் தலைமைக் குருக்களான பட்சி இலட்சுமண சாஸ்திரி அந்தத் தந்தையின் நெருங்கிய நண்பர். அவருடைய மகனும் கலாமும் ஐந்தாம் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்தபோது, புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், தொப்பியணிந்த முஸ்லிம் பிள்ளை குருக்களின் மகனோடு இருக்கக்கூடாது என்று கலாமைப் பின்வாங்குக்கு அனுப்பினார். செய்தி அறிந்த சாஸ்திரி அந்த ஆசிரியரை அழைத்து, பிள்ளைகளின் மனத்தில் நஞ்சைப் பரப்பவேண்டாம் என்று கண்டித்தார்.

இன்னொரு நிகழ்ச்சி அதைவிட ஆழமானது. அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் கலாமைத் தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தார். ஆசாரம் மிகுந்த அவருடைய மனைவி, ஒரு முஸ்லிம் சிறுவனுக்குத் தம் அடுக்களையில் பரிமாற மறுத்துவிட்டார். ஐயர் கோபப்படவில்லை, தம் கையாலேயே பரிமாறி, சிறுவனின் அருகில் அமர்ந்து உண்டார். விடைபெறும்போது அடுத்த வாரமும் வரச்சொன்னார். தயங்கிய சிறுவனிடம், ஒரு வழக்கத்தை மாற்ற நினைத்தால் இப்படியான இடையூறுகளைச் சந்திக்கத்தான் வேண்டும் என்றார். அடுத்த வாரம் அந்த அம்மையாரே அவனை உள்ளே அழைத்துத் தம் கையால் பரிமாறினார். பறவை எப்படிப் பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டி, பிள்ளைகளுக்கு விளங்காதபோது அவர்களைக் கடற்கரைக்கே கூட்டிச்சென்று காட்டியவரும் இதே ஐயர்தான். வானூர்தியைப் பற்றிய ஆசை அன்றைய கடற்கரைப் பாடத்தில் தொடங்கியது என்று கலாம் எழுதியிருக்கிறார்.

இதை நான் சொல்லி முடித்தபோது முதியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இஞ்சயும் அப்படித்தான் இருந்தம். புட்டும் தேங்காய்ப்பூவும் மாதிரி" என்றார். கிழக்கில் தமிழர், முஸ்லிம்களின் உறவைப் பேசும் எவரும் சொல்லும் வாக்கியம் அது. ஆனால் இந்த ஊரில் இருந்துகொண்டு அதைச் சொல்வதற்கு மனத்தில் பெருந்தன்மை வேண்டும். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு, பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. அதே ஆண்டில் இந்த மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்களும் தம் மனிதர்களைக் கூட்டங்கூட்டமாக இழந்தன. 2019 ஏப்ரலில் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து, ஞாயிறு வகுப்புக்கு வந்த சிறுவர்களும் மடிந்த பிறகு, இருசாராரும் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. அவற்றையெல்லாம் கண்ட ஒருவர் இறந்தகாலத்தில் "இருந்தம்" என்று சொல்கிறபோது, அதில் ஏக்கமும் இருக்கிறது, மீட்டுவிடலாம் என்ற எண்ணமும் இருக்கிறது.

கலாம் 2002 ஜூலை 25ஆம் திகதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அதற்கு அடுத்த மாதமே அவர் சென்ற இடம், அவ்வாண்டு தொடக்கத்தில் மதக்கலவரத்தால் எரிந்த குஜராத். அந்தப் பயணம் இப்போது அவசியமா என்று கேள்வி எழுந்தும் அவர் போனார். நிவாரண முகாம்களில் மக்களோடு இருந்து பேசினார். இதில் அரசியல் கணக்கு ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஐயரின் வீட்டில் இரண்டாவது வாரம் போய்ச் சாப்பிட்ட சிறுவன் செய்யக்கூடிய காரியமாகவே அது எனக்குப் படுகிறது. முறிந்த இடத்துக்கு முதலில் போவது என்ற பழக்கம் அவரிடம் அவ்வளவு இளமையிலேயே ஊறியிருந்தது.

எழும்பும்போது முதியவர் என் தேத்தண்ணிக்குக் காசு வாங்கவேண்டாம் என்று பேரனுக்குக் கண்ணைக் காட்டினார். பகல் முழுதும் வெயில் கொளுத்தி, நான்கு மணிக்கு மேல் மேற்கே இடி முழங்கத் தொடங்கியது. கல்முனைக்கு பஸ் ஏறினேன்.

ஒக்டோபர் 15, புதன் – கல்முனை

விடியற்காலை தொடங்கிய மழை ஓயவே இல்லை. பாடசாலைக்குப் போகும் ஒழுங்கை முழங்கால்வரை நீரில் மூழ்கியிருந்தது. இரண்டு பாடசாலைகளின் மாணவர்களை நண்பர் ஒரே மண்டபத்தில் கூட்டியிருந்தார். ஒன்று தமிழ்ப் பாடசாலை, மற்றது முஸ்லிம் பாடசாலை. இரண்டிலும் மொழி தமிழே, பாடத்திட்டமும் ஒன்றே. இருந்தும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகும்வரை பெரும்பாலும் ஒரே வகுப்பறையில் இருப்பதில்லை. அன்றும் இடப்பக்கம் ஒரு பாடசாலை, வலப்பக்கம் ஒரு பாடசாலை என்று நடுவில் நடைபாதை விட்டு அமர்ந்திருந்தார்கள்.

நான் கொண்டுபோன படங்களைத் திரையில் காட்டத் தொடங்கிச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றது. ஒலிவாங்கியும் போயிற்று. தகரக் கூரையில் மழை அடித்த ஓசையில் என் குரல் முன்வரிசைக்கே எட்டவில்லை. இரு பக்கச் சாளரங்கள் வழியாகவும் சாரல் உள்ளே விழுந்தது. கதிரைகளை நடுவுக்கு இழுத்துக்கொண்டு என்னைச் சுற்றி நெருக்கமாக அமரும்படி நண்பர் சொன்னார். சில நிமிட இரைச்சலுக்குப் பிறகு நடைபாதை மறைந்துவிட்டது, யார் எந்தப் பாடசாலை என்பதும் தெரியாமல் போயிற்று. குறிப்புகளைப் பையில் வைத்துவிட்டுக் கதையாகவே சொன்னேன்.

புளியங்கொட்டை பொறுக்கி விற்று நாளொன்றுக்கு ஓரணா சேர்த்த சிறுவனைச் சொன்னேன். இரண்டாம் உலகப்போரில் ரயில் இராமேஸ்வரத்தில் நிற்காமல் ஓடியபோது, வண்டியிலிருந்து எறியப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைப் பிடிக்கும் வேலையைத் தந்த உறவினர் சம்சுதீனைச் சொன்னேன். பங்கீட்டுக் காலத்தில் தம் பங்கு ரொட்டியையும் மகனின் தட்டில் வைத்துவிட்டுப் பட்டினி கிடந்த தாய் ஆஷியம்மாவைச் சொன்னபோது, ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டான். மதராஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் கிடைத்தும் சேர்வதற்கு ஏறக்குறைய 1000 ரூபாய் தேவைப்பட்டபோது, அக்கா சோஹ்ரா தம் தங்கக் காப்புகளையும் சங்கிலியையும் அடகு வைத்ததைச் சொன்னேன். அங்கே, தாழப்பறக்கும் தாக்குதல் விமானமொன்றின் வடிவமைப்பில் பின்தங்கிய கலாமுக்கு, மூன்று நாட்களில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிற்கும் என்று பேராசிரியர் சீனிவாசன் கெடு விதித்ததையும், இரவிரவாக வரைந்து அவர் முடித்ததையும் சொன்னேன்.

நான் மாணவர்களிடம் அழுத்திச் சொன்னது ஒன்றுதான். கலாமின் நம்பிக்கை அவருக்குள் தானாக முளைத்ததாக நான் கருதவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் மூத்தவர் ஒருவர் தம்முடையதை இழந்து, அல்லது தம் மதிப்பைப் பணயம் வைத்து, அவருக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்: தாய் உணவை, அக்கா நகையை, ஐயர் ஊரின் நன்மதிப்பை, தவான் தம் பெயரை. அவ்வளவும் பெற்றுக்கொண்ட ஒருவர் நாட்டின் உயர்பதவிக்கு வந்தபோது, அதே முறையில் இளையவர்களுக்கு முன்னால் போய் நின்றார். ஜனாதிபதி மாளிகையின் கதவைப் பிள்ளைகளுக்குத் திறந்தார். ஊர் ஊராகப் பாடசாலைகளுக்குப் போய், உரையைவிடக் கேள்விகளுக்கு அதிக நேரம் ஒதுக்கினார். மாணவர்களின் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினார். தம்மை வந்து பார்த்த உறவினர்களின் செலவைத் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டினார். இந்தியாவில் கோடிக்கணக்கான இளைஞர்கள் தங்களாலும் முடியும் என்று எண்ணத் தொடங்கியதற்கு அவருடைய சொற்கள் மட்டும் காரணமாக இருந்திருக்க முடியாது. அந்தச் சொற்களைச் சொன்னவர் வாழ்ந்த முறையையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கேள்விகள் வந்தன. முதல் கேள்வியே கடினமானது. "சேர், அவர் ஏவுகணை செய்தவர்தானே? குண்டு விழுந்த ஊர்ப் பிள்ளைகள் நாங்கள் அவரை ஏன் கொண்டாட வேண்டும்?" கேட்டவன் மெலிந்த, உயரமான பையன். மண்டபம் அமைதியானது. அந்தக் கேள்வி நியாயமானது என்றே முதலில் சொன்னேன். 1989இல் அக்னி ஏவுகணையும் 1998 மே மாதத்தில் பொக்ரானில் நடந்த அணுவெடிப்புச் சோதனைகளும் கலாமின் வாழ்வில் சிறு பகுதிகள் அல்ல; போரைக் கண்ட நாட்டில் இருந்துகொண்டு அவற்றை எளிதாக ஏற்க என்னாலும் முடியாது. 2012 ஜனவரியில் அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து மாணவர்களிடம் பேசியபோது, போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. அன்று எதிர்காலத்தைப் பற்றி அவர் பேசிய அளவுக்கு எங்கள் துயரத்தைப் பற்றியும் பேசியிருக்கலாம் என்ற மனக்குறை எனக்கு இன்றும் உண்டு. ஆனால் அதே ஏவுகணைக்காக உருவாக்கிய எடைகுறைந்த கலப்புப் பொருளைக் கொண்டு, ஹைதராபாத் மருத்துவமனையில் போலியோவால் கால் தளர்ந்த பிள்ளைகளுக்கு நடைக்கவசம் செய்து கொடுத்தவரும் அவர்தான். மூன்று கிலோவுக்கு மேல் எடைகொண்ட உலோகச் சட்டத்தை இழுத்து இழுத்து நடந்த பிள்ளைகளுக்கு, 300 கிராம் எடையில் ஒன்று கிடைத்தது. தம் வாழ்வின் பெரிய மகிழ்ச்சிகளுள் ஒன்றாக அதை அவர் சொல்லியிருக்கிறார். பையன் ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை; "சரி சேர்" என்று அமர்ந்தான். அவன் ஒப்புக்கொள்ளாததில் எனக்கு வருத்தமில்லை.

பின்வரிசை மாணவி ஒருத்தி, "அக்காட காப்பைத் திருப்பி எடுத்தாங்களா?" என்று கேட்டாள். அந்தக் காப்பைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் மீட்கவேண்டும் என்று கலாம் உறுதியெடுத்ததையும், அதற்கு ஒரே வழி நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவது என்று தீர்மானித்ததையும் சொன்னேன். மழை விடாததால் பன்னிரண்டு மணிக்கு முடியவேண்டிய கூட்டம் ஒரு மணிக்குப் பிறகும் நீண்டது. பிளாஸ்டிக் குவளைகளில் இஞ்சிப் பிளேன்டீயும் ஆளுக்கொரு துண்டு தொதலும் வந்தன.

ஒக்டோபர் 16, வியாழன் – மருதமுனை, காரைதீவு

மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தது. நண்பருடன் மருதமுனைக்குப் போனேன். நெசவுக்குப் பேர்போன ஊர். சுனாமி மிகக் கொடுமையாக அடித்த ஊர்களுள் ஒன்று. முன்பு வீட்டுக்கு வீடு கேட்ட தறியோசை இப்போது சில ஒழுங்கைகளில் மட்டுமே கேட்கிறது. நண்பரின் மாணவியொருத்தியின் வீட்டுக்குள் அழைத்துப்போனார்கள். தகப்பனார் தறிக்குழியில் கால் வைத்து அமர்ந்திருந்தார். மிதியை மிதிக்கும்போது பாவு இரண்டாகப் பிரிய, நாடா இடமிருந்து வலம் பாய, அச்சை இழுத்து அவர் இரண்டு தரம் அடிக்கிறார். நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, இரு முனைகளையும் எச்சில் தொட்டு முறுக்கி முடிந்துவிட்டுத் தொடர்கிறார். சாரம் ஒன்று 1500 ரூபாய்க்குப் போகிறது. நூலின் விலை ஏறியபின் கையில் நிற்பது சொற்பம் என்றார்.

முற்றத்தின் ஓரத்தில் செங்கல் அடுக்கு ஒன்று பாசி பிடித்து நின்றது. அதன் ஒரு பக்கம் படிக்கட்டுப்போல இறங்கியிருந்தது, பாதிக் கல் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம் செய்வார்கள். மகள் பிறந்த நாளிலிருந்தே கல்லும் மரமும் சேர்க்கத் தொடங்குவது இந்தக் கரையின் தகப்பன்மாரின் வழக்கம். கட்டாத வீடு ஊரார் கண்ணில் ஒரு குறையாகவே இருக்கும். மகள் பொறியியல் படிக்கப் போனபோது மடிக்கணினிக்கும் தங்குமிடத்துக்கும் பணம் வேண்டியிருந்தது. "ஊட்டுக்குச் சேத்த கல்லுல பாதிய வித்திட்டன். படிச்சு முடிச்சா அவவே கட்டட்டும்" என்று தறியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து, "ஊர்ல கேக்கிறவங்களுக்குப் பதில் சொல்றது நான்" என்றார், குறையும் பெருமையும் கலந்த குரலில். நாங்கள் எழும்பும்வரை பாலப்பத் தட்டு காலியாக அவர் விடவேயில்லை.

மத்தியானம் காரைதீவுக்குப் போய், விபுலாநந்த அடிகள் பிறந்த மண்ணைப் பார்த்தேன். மயில்வாகனம் என்ற பெயரோடு 1892இல் பிறந்தவர். கல்முனையிலும் பிறகு மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கிறிஸ்தவ ஆசிரியர்களிடம் படித்து, அறிவியலில் இலண்டன் பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, இராமகிருஷ்ண மிஷனில் துறவியாகி, ஏழைப் பிள்ளைகளுக்காகக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். இராமநாதபுரத்தில் ஷ்வார்ட்ஸ் பாடசாலையிலும் திருச்சியில் புனித வளனார் கல்லூரியிலும் கிறிஸ்தவ ஆசிரியர்களிடம் படித்த இராமேஸ்வரத்து முஸ்லிம் பிள்ளையை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. இருவரும் அறிவியலாளர்கள், இருவரும் தமிழை விடவில்லை, இருவரும் மணம் செய்துகொள்ளாமல், ஊரார் பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கலாமைச் சொல்கிறவர்கள் அடிகளாரையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்று நண்பரிடம் சொன்னேன். அவர் அடுத்த மார்ச்சில், அடிகளாரின் பிறந்தநாளுக்கு, இதே இரண்டு பாடசாலைகளையும் மீண்டும் கூட்டப்போவதாகச் சொன்னார்.

இரவு நிந்தவூர்க் கடையொன்றில் கொத்து ரொட்டி சாப்பிட்டோம். 800 ரூபாய்க்கு வந்த அளவை இரண்டு பேரும் சேர்ந்தும் முடிக்க முடியவில்லை.

ஒக்டோபர் 17, வெள்ளி – அம்பாறை வழியாக

அம்பாறையில் மாறி ஏறிய பஸ், நகரத்தைத் தாண்டிய சிறிது தூரத்தில் பழுதாகி நின்றது. மாற்று வண்டி வர இரண்டு மணிநேரம் ஆகும் என்றார்கள். தெருவோரத் தேநீர்க்கொட்டிலில் சிங்களப் பெரியவர் ஒருவர் எல்லோருக்கும் வாங்கு போட்டுக் கொடுத்தார். என் கையில் இருந்த கலாமின் படத்தைக் கண்டதும் பெயரை அவரே சொல்லி, கொட்டிலின் பின்னே படித்துக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்குத் தெரிந்த சிங்களத்திலும் அவருக்குத் தெரிந்த தமிழிலும் பேசிக்கொண்டோம். 2012 ஜனவரியில் கொழும்பில் மும்மொழி இலங்கைக்கான பத்தாண்டுத் திட்டத்தைத் தொடக்கிவைக்கும் விழாவுக்குப் பிரதம விருந்தினராக வந்தவர் கலாம். அந்தப் பத்தாண்டும் கடந்துவிட்டது. அரச அலுவலகங்களில் தமிழில் ஒரு படிவம் பெற இன்றும் அலைகிறோம். இந்தியா வளர்ந்த நாடாகிவிடவேண்டும் என்று அவர் குறித்துவைத்த 2020ஆம் ஆண்டும் வந்தது, பெருந்தொற்றோடு போனது. குறித்த ஆண்டில் குறித்தது நடக்கவில்லை என்பதைக் கொண்டு அவரை மதிப்பிடுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்தக் கணக்கு போதாது. ஒரு திகதியைக் குறித்துவைத்து அதற்காக உழைக்கலாம் என்ற எண்ணமே இல்லாத தலைவர்களின் கீழ் நாங்கள் எத்தனை காலம் வாழ்ந்திருக்கிறோம்.

வாங்கில் இருந்தபோது நண்பரின் கைபேசியிலிருந்து மாணவனொருவனின் குரற்பதிவு வந்தது. ஏவுகணையைப் பற்றிக் கேட்ட அதே பையன். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதாமல், விரும்பிய துறை கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இம்முறை கேட்டிருந்தான். விமானப்படையில் விமானியாகச் சேர கலாம் டேராடூனுக்குப் போனதையும், 25 பேரில் 8 பேரை எடுத்தபோது அவர் ஒன்பதாவதாக வந்து வெளியே நின்றதையும், மனமுடைந்து ரிஷிகேசத்துக்குப் போய் சுவாமி சிவானந்தரைச் சந்தித்ததையும், பிறகு 1958இல் பாதுகாப்பு அமைச்சின் தொழில்நுட்பப் பிரிவில் மாதம் 250 ரூபாய்ச் சம்பளத்துக்குச் சேர்ந்ததையும் பதிலாகப் பேசி அனுப்பினேன். ஒன்பதாவதாக வந்தவர் என்பதையும் மண்டபத்தில் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், நேரம் போதவில்லை என்று அவனிடம் சொன்னேன். மாற்று வண்டி வந்து, மகியங்கனை வளைவுகளில் ஏறத் தொடங்கியபோது அவனிடமிருந்து அடுத்த கேள்வி வந்தது: விமானப் பொறியியலை இலங்கையில் எங்கே படிக்கலாம், அதற்கு என்ன பாடங்கள் எடுக்கவேண்டும். இணைய வசதி கிடைத்ததும் விவரங்களைத் திரட்டி அனுப்புவதாக எழுதினேன்.